முதலில் செடி, பிறகு பதவி: கண்டி மலைகளின் இளம் தாவரவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளே, தம்பிகளே,

பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ தாவரவியலும் விவசாயமும் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டி, மாத்தளை என்று உங்கள் ஊர்ப்பெயர்கள் எனக்குப் பழக்கமானவை. தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்தின் முதல் ஆங்கில விரிவுரையில் திகைத்துப்போய், பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து மேலே வந்தவர்கள் நீங்கள். அந்த உழைப்புக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

வீட்டில் உங்களுக்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்குக் காத்திருப்பது, ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிப்பது, அல்லது எப்படியாவது வெளிநாடு போவது. எதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். மலையகப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல் சொல்லித்தர ஆளில்லாத நிலையை அனுபவித்து வந்தவர்களிடம் ஆசிரியத் தொழிலின் பெருமையை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நாலாவது வழியாக ஆராய்ச்சி இருக்கிறது. அதன் வாசல்கள் நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் தெருக்களில்தான் இருக்கின்றன. அங்கே பதவியை மட்டும் நினைத்துப் போகிறவர்கள் இரண்டு வருடத்தில் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். ஒரு செடியையும் அதைப் பற்றிய ஒரு கேள்வியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். நான் கண்ட அளவில் இது மாறாமல் நடக்கிறது.

பழைய சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் பேராதனைக்கு வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அதற்கு முந்திய வருடம்தான் பட்டம் பெற்றிருந்தார். வயது இருபத்தைந்தோ இருபத்தாறோ, உங்கள் வயதுதான். அப்போது இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவைப் பொறுப்பேற்றிருந்த துவெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்கிலி என்ற பூஞ்சணவியலாளர் அதற்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்துப் பத்து வருடமாகியும் நோய் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. மண்ணில் சத்துக் குறைவு என்றும் வானிலைக் கோளாறு என்றும் தோட்டத்துரைமார் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வார்ட் கண்ணாடித் தட்டுகளில் பிசுபிசுப்பான திரவத்தைப் பூசிக் கோப்பிச் செடிகளுக்கிடையே தொங்கவிட்டார். காற்றில் வந்த வித்திகள் அதில் ஒட்டிக்கொண்டன. ஒரு வித்தி இலையின் மேல் ஈரத்தில் முளைத்து, இலைவாய்க்குள் நுழைந்து, உள்ளே இழைகளாகப் படர்வதைப் படிப்படியாகப் பார்த்து வரைந்து அறிக்கை எழுதினார். 1882இல் திரும்பிப் போனார். கோப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பயிர்நோய் ஒன்றை எப்படி விசாரிப்பது என்பதற்கு அவருடைய அறிக்கைகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரான அவர், 1906இல் இறக்கும் காலம்வரை துருப் பூஞ்சணங்களை விடவேயில்லை. இங்கே இரண்டு வருடத்தில் பிடித்துக்கொண்ட கேள்வி அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

இந்தச் சரித்திரத்தில் உங்கள் குடும்பமும் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து அறுவடைக்கு வந்து பெருமளவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள் நம் முன்னோர். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் கோப்பி சாய்ந்து தேயிலை எழுந்தபோது அவர்கள் லயங்களிலேயே தங்கும்படியாயிற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தாலும், மலைநாடு முழுவதும் தேயிலையானது அந்தப் பூஞ்சணம் கோப்பியை வீழ்த்திய பிறகுதான். வார்ட்டுக்குப் பின்னால் ஒரு பேரரசு நின்றது, உங்களுக்கு அது இல்லை. ஆனால் அவருக்கு இருந்ததும் ஒரு குறுகிய கால ஒப்பந்தம்தான். ஒப்பந்த வேலை என்றதும் முகம் வாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கண்டியிலிருந்து பேராதனை பஸ் ஏறினால் சில கிலோமீற்றரில் அரச தாவரவியல் பூங்கா. 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கியது. மகாவலி வளைந்தோடும் 147 ஏக்கர். உல்லாசப் பயணிகள் ஓர்க்கிட் வீட்டையும் அரசப் பனை வரிசையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உங்களுக்குரியது அங்கே இருக்கும் தேசிய உலர்தாவரகம். தாவரவியலாளர்களான துவெயிட்ஸ், டிரைமன் காலத்திலிருந்து அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. டிரைமன் 1893இல் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல், அவர் 1896இல் இறந்த பிறகு ஜோசப் ஹூக்கரால் 1900இல் நிறைவு பெற்றது. 1980 முதல் பேராதனைப் பேராசிரியர் எம். டி. தசநாயக்கவும் அமெரிக்கரான ஃபோஸ்பெர்க்கும் பதிப்பித்த திருத்திய கைந்நூல் பல தொகுதிகளாக வந்தது. இந்த இரண்டையும் அந்தத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கக்கூடிய வசதி உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. அப்படியிருந்தும் பட்டம் முடியும்வரை அதன் கதவைத் திறந்து பார்க்காத மாணவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். மனம் வலிக்கிறது.

ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவை. விவசாயத் திணைக்களத்தின் தோட்டப்பயிர் ஆராய்ச்சியும் தாவர மரபணு வள நிலையமும் அங்கே உள்ளன. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் அந்த நிலையத்தின் குளிர் அறைகளில் தூங்குகின்றன. பாரம்பரிய நெல் மட்டுமா, அதன் காட்டு உறவினரும் அங்கே உண்டு. ஒரைசா ரைசோமாட்டிஸ் என்ற காட்டு நெல் உலகத்தில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. வரட்சியும் உவரும் கூடிவரும் காலத்தில் நெல்லை மேம்படுத்த நினைக்கிற எவருக்கும் இது முக்கியமான செடி. ஹந்தானை வீதியில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்கிறவர்கள் வேலை செய்துகொண்டே பேராதனைப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் முதுதத்துவமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ பதிவு செய்துகொள்வது வழக்கம். ஹந்தானையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் மத்திய மலைநாட்டுக் கிளையும் உண்டு. தலைமையகம் தலவாக்கலையில், 1925இல் தொடங்கிய நிறுவனம், பேராதனைச் சந்தியில் ரயில் ஏறினால் போய்விடலாம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் பேராதனையில், அதன் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில். மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

இவை ஒவ்வொன்றும் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் இருக்கும்போது, வாய்ப்பே இல்லை என்று சொல்லாதீர்கள். நிரந்தர நியமனங்கள் குறைவு என்று சொல்லுங்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கிருந்தே பெரிய வேலை செய்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். பேராதனைத் தாவரவியல் துறையின் எஸ். பாலசுப்பிரமணியம், நியூயோர்க்கிலிருந்து வந்த அன்ட்ரூ கிரெல்லருடன் சேர்ந்து இலங்கைக் காடுகளை அவற்றின் மர இனங்களையும் காலநிலையையும் ஒன்றாக வைத்து வகைப்படுத்தினார். 1980இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை இன்றும் காட்டியல் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். அதே துறையைச் சேர்ந்த சாவித்திரி குணதிலக்கவும் நிமல் குணதிலக்கவும் சிங்கராஜ வனத்தில் பல பத்தாண்டுகள் செலவிட்டார்கள். 1993இல் அங்கே 25 ஹெக்டேயர் நிலம் அளந்து, ஒரு சென்றிமீற்றர் தடிப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு கட்டும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள். அந்தத் தகடுகளைக் கட்டியவர்களில் உங்களைப் போன்ற இளம் பட்டதாரிகளும் கிராமத்து இளைஞர்களும் இருந்தார்கள். இன்று உலகின் வெப்பவலயக் காடுகளை ஒப்பிட்டுப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் சிங்கராஜவுக்கு ஒரு நாற்காலி உண்டு என்றால் அது அந்தத் தகடுகளால் கிடைத்தது. அந்த வனத்தை ஒட்டியிருக்கும் பைன் தோட்டங்களுக்குள் நம் நாட்டு மரங்களை மீண்டும் வளர்க்க முடியும் என்பதையும் அவர்கள் செய்து காட்டினார்கள். ஹந்தானைச் சரிவில் நிற்கும் பைன் மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆய்வின் அடுத்த அத்தியாயத்தை யார் எழுதப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 2012இல் வெளியான தேசியச் செம்பட்டியல் இந்நாட்டின் பூக்கும் தாவர இனங்களை 3,154 என்று கணக்கிட்டது. அவற்றில் 894 உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்தப் பட்டியலில் அழிந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட குரூடியா சைலானிக்கா என்ற மரம் கம்பஹாவில் உயிரோடு நிற்பதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நாடே அந்த மரத்தின் பெயரைக் கற்றுக்கொண்டது. அடர்ந்த காட்டுக்குள் ஒளிந்திருந்த மரமல்ல அது, மனிதர் நடமாடும் இடத்தில் நின்ற மரம். கண்டி நகரத்துக்குள்ளேயே உடவத்தகலைக் காடு இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த மைரோக்சிலன் மரம் அங்கே கன்றுகளாகப் பெருகி நம் மரங்களின் இடத்தைப் பிடிக்கிறது. எவ்வளவு வேகமாக, எந்த மரங்களை முதலில் வெளியேற்றுகிறது, எதைப் பிடுங்கினால் எது திரும்பி வரும்? நோட்டுப் புத்தகமும் அளவுநாடாவும் போதும் தொடங்குவதற்கு.

ஆனால் நான் உங்களிடம் மிகவும் கேட்டுக்கொள்ள விரும்புவது தேயிலையைப் பற்றி. தேயிலையை விட்டு வெளியே வரத்தான் படித்தோம், திரும்ப அதற்குள்ளேயே போகச் சொல்கிறீர்களா என்று உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியின் பின்னால் உள்ள காயம் எனக்குப் புரிகிறது. அம்மா கூடையோடு ஏறிய மலைக்கு மகள் நுணுக்குக்காட்டியோடு ஏறுவது திரும்பிப் போவதாகாது என்றுதான் அவளுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய விதைத் தேயிலை மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை அயல் மகரந்தச் சேர்க்கையால் விதை தருகிற செடி. ஆகவே விதையிலிருந்து வளர்த்த மலையில் ஒவ்வொரு செடியும் மரபணுவில் வேறுபட்டது. வீ.பீ. தேயிலை அப்படியல்ல. ஒரு தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்த மலை முழுக்க ஒரே செடிதான். விளைச்சல் கூடும், ஆனால் ஒரு நோயோ ஒரு வரட்சியோ வந்தால் எல்லாம் ஒன்றாகவே தாங்கும், ஒன்றாகவே வீழும். கண்டி, மாத்தளை மாவட்டங்களின் பழைய விதைத் தேயிலை மலைகள் பிடுங்கப்பட்டும் கைவிடப்பட்டும் வருகின்றன. நூறு வருட வரட்சிகளைத் தாங்கி நின்ற செடிகள் அவற்றில் உண்டு. எவை அவை? எந்தச் செடி காய்ந்த மாசியிலும் கொழுந்து தரும், எந்தச் செடியில் கொப்புள நோய் ஏறாது, எந்தச் செடியைத் தண்டு துளைக்கும் வண்டு அதிகம் தொடாது, கவ்வாத்துக்குப் பிறகு எது முதலில் துளிர்க்கும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் அந்த மலையில் முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண்கள். அவர்களிடம் தமிழில் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் காட்டும் செடிகளுக்கு இலக்கம் போட்டு, இலை எடுத்து, ஆய்வுகூடத்தில் மரபணு பார்த்து, அவர்கள் சொன்னதும் அளவீடு சொல்வதும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று பார்ப்பது முழுமையான ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வு. கொப்புள நோய் 1946இல் இலங்கைக்குள் வந்ததிலிருந்து தேயிலை விஞ்ஞானம் எவ்வளவோ செய்திருக்கிறது. பறிக்கிற கையின் அனுபவத்தை முறையாகக் கேட்டது மிகக் குறைவு. அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்ததாக ஆகாது. ஆய்வு உதவியாளரின் கொடுப்பனவு போதாது. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இன்னும் போதாது. ஒரு ஆய்வுத் திட்டத்துக்கான பணம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். பேராதனையில் வாடகை அறையும் கொடுத்து வீட்டுக்கும் அனுப்ப வேண்டியவர்களுக்கு இது விளையாட்டல்ல. குடும்பத்தின் சுமை உடனடியாக உங்கள் தோளில் இருக்குமானால் ஆசிரியர் நியமனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பகுதிநேரமாக முதுமாணிக்குப் பதிவு செய்யுங்கள். பாடம் கற்பித்துக்கொண்டே ஒரு மலையின் பூக்காலங்களைப் பத்து வருடம் குறித்து வைக்கும் ஆசிரியை, மூன்று வருட ஒப்பந்தக்காரரால் தர முடியாத தரவைத் தருகிறாள். சுமையைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடிந்தவர்கள் இரண்டு அல்லது மூன்று வருடத்தைத் துணிந்து கொடுங்கள். சேரும் முன்பே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள்: பணம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, பட்டப்பின்படிப்புப் பதிவுக் கட்டணம் யார் கட்டுவது, கட்டுரையில் என் பெயர் எந்த இடத்தில் வரும். இதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், நல்ல மேற்பார்வையாளர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

தாவர விஞ்ஞானம் இந்நாட்டுக்கு ஆடம்பரமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். பேராதனை விவசாய பீடத்தவர்கள் பகிரங்கமாக எச்சரித்தும் கேட்கவில்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பிறகு அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கினார்கள். செடிக்குத் தழைச்சத்து எப்போது, எவ்வளவு, எங்கிருந்து என்பது அன்று ஒவ்வொரு வீட்டுச் சோற்றுப் பானையையும் தொட்டது. இரசாயன உரத்தைக் குறைக்கும் நுண்ணுயிர் ஆய்வுகள் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் நீண்ட காலமாக நடந்துவருகின்றன. அத்தகைய வேலையைப் பொறுமையாகத் தொடர்வதற்கு ஆள் வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். யப்பானிய அரசின் மெக்ஸ்ட், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜேர்மனியின் டாட், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் ஆகியவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தோன்றாத திசை வடக்கு. மேற்குத்தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்த்து ஒரே உயிர்ப்பல்வகைமைப் பிரதேசமாகவே உலகம் கணக்கிடுகிறது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரகம், சென்னையில் 1988இல் உருவான எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் நம் செடிகளின் உறவினரை நம் மொழி பேசும் நிலத்தில் ஆராய்கிற இடங்கள். அயல்நாட்டு இளம் விஞ்ஞானிகளுக்கென இந்திய அரசு தரும் ஆய்வு உதவித்தொகையில் இலங்கையும் அடங்கும். காட்டு உயிர்ப் பாதுகாப்புச் சார்ந்த சிறு ஆய்வுகளுக்கு பிரிட்டனின் ரஃபர்ட் நிதி, பெயர்பெறாத இளையவர்களுக்கென்றே இருக்கிறது. எங்கே போனாலும், ஆண்டுக்கொரு முறையாவது களத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டு போங்கள். நம் மலைச் செடி ஒன்றை அறிந்தவராகப் போனால் அங்கும் உங்களுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கும். வனத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் சஞ்சிகைகளுக்கும் இடம் வாங்கித்தருவதாகச் சொல்லும் முகவர்களுக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முதல் கட்டுரையைப் பேராதனையிலிருந்தே வெளிவரும் சிலோன் விஞ்ஞான சஞ்சிகைக்கு அனுப்பலாம், அது கௌரவமான இடம்.

கடைசியாக, மேற்பார்வையாளருக்கு எழுதும் மடலைப் பற்றி. "எந்த ஆய்வானாலும் செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அதில் விடுபட்டதாக உங்களுக்குத் தோன்றும் ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். நீங்கள் பார்த்த செடி எது, எங்கே, எந்த மாதத்தில், என்ன கண்டீர்கள் என்று ஒரு பந்தி. தெரிந்த வேலைகள் ஒரு பந்தி: உலர்மாதிரி செய்வது, வெட்டுமுகம் எடுப்பது, டீ.என்.ஏ. பிரித்தெடுப்பது, ஆர் மென்பொருளில் புள்ளிவிபரம் பார்ப்பது. சிங்களமும் தமிழும் பேசி மக்களிடம் தகவல் கேட்க முடியும் என்றால் அதையும் எழுதுங்கள், கள ஆய்வில் அது பெரிய தகுதி. மடல் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் மரியாதையாக இன்னொன்று எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், பரீட்சைக் காலமல்லாத ஒரு நாள் காலையில், நீங்களே சேகரித்து ஒட்டிய நாலைந்து உலர்மாதிரிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். சேகரித்த இடமும் திகதியும் உயரமும் ஒவ்வொரு தாளிலும் எழுதியிருக்கட்டும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இதே வழியில் நடந்த ஒரு தாவரவியலாளர்
கண்டி